குற்றாலிங்கத்துக்கு என்ன பிடிக்கும்?

"தாயி, எனக்குச் சந்தோஷம் நிக்க மாட்டேங்கு."

உலகம்மை ஒரு குடையை மடியில் போட்டு, வளைந்த கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"வருதா?"

"வருது. வராம என்ன, நல்லாவே வருது. பந்தி நடக்கிற வரைக்கும் நெஞ்சு நிறைய நிக்கும். கடைசி இலையை எடுத்துட்டாங்கன்னா அதுவும் போயிரும்."

"அப்புறம்?"

"அடுத்த கல்யாணம் வரணும்."

"அதுவரைக்கும்?"

"கழுவிக் கவுத்துன சருவச்சட்டி மாதிரி கிடப்பேன். உள்ள ஒண்ணும் இருக்காது."

கேட்டவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. பெயர் குற்றாலிங்கம். வயது அறுபத்தொன்று. நாற்பது வருஷமாகக் கல்யாணச் சமையல். தென்காசிப் பக்கம் பெண் வீட்டார் ஜோசியரைப் பார்த்த கையோடு இவரையும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அந்தத் தேதி இவருக்குத் தோதுப்படாது என்றால் முகூர்த்தத்தையே தள்ளிவைத்தவர்கள் உண்டு. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்துக்கு இவர் ஒரு சொதி வைப்பார் பாருங்கள்! தேங்காய்ப் பாலும் பாசிப்பருப்பும் காய்கறியும் சேர்ந்த அந்தக் குழம்புக்காகவே தூரத்துச் சொந்தமெல்லாம் ஒரு நாள் கூடத் தங்கும். ஒரு கல்யாணத்தில் கோபித்துக்கொண்டு கிளம்பிய சம்பந்தி, சொதி தயாராகிவிட்டது என்று கேள்விப்பட்டு வாசலோடு திரும்பி வந்து இலையில் உட்கார்ந்தார். கோபம் சாப்பிட்ட பிறகுதான் தொடர்ந்தது.

அப்பேர்ப்பட்ட ஆள் மலையடிவாரத்து மடத்தில், தன்னைவிட இருபது வயது இளைய ஒரு பெண்ணின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

உலகம்மையிடம் காவி கிடையாது. மாலை கிடையாது. ஒரு காலத்தில் நர்ஸாக இருந்தவர். சாதாரண நூல்சேலை. யாராவது வந்து எதையாவது கேட்டால் பதில் சொல்வார், இல்லையென்றால் வேலை சொல்வார். பதில் கேட்டுப் போனவர்கள் மறந்துவிட்டார்கள். வேலை வாங்கிக்கொண்டு போனவர்கள் மறக்கவில்லை.

கம்பி நிமிர்ந்தது. குடையை ஒரு தடவை விரித்து மடக்கிப் பக்கத்தில் வைத்தார்.

"அண்ணாச்சிக்கு என்ன பிடிக்கும்?"

"எதுல தாயி?"

"சாப்பாட்டுலதான்."

குற்றாலிங்கம் சிரித்துவிட்டார். தன்னிடம் போய்க் கேட்கிற கேள்வியா இது!

"எனக்கா? எனக்கு வந்து..."

விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார்.

"பெரிய இடத்துக் கல்யாணம்னா பாதாம் அல்வா விரும்புவாங்க. வயசானவங்களுக்கு மோர்க்குழம்பு. மாப்பிள்ளைத் தோழன்மாருக்கு அப்பளம் கூட வைக்கணும், நொறுக்கிக்கிட்டே இருப்பானுக. ஒருத்தர் இலைல உக்கார்ற விதத்தைப் பார்த்தே நான் சொல்லிருவேன், இவருக்கு ரசம்தான் சாப்பாடு, இவருக்குப் பாயசம் ரெண்டு தடவை கொண்டுபோகணும்னு."

"உங்களுக்கு?"

"நான் எல்லாம் சாப்பிடுவேன் தாயி. இது வேணும், அது வேண்டாம்னு என்கிட்ட கிடையாது."

"அதைக் கேக்கலையே."

குற்றாலிங்கத்துக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"இதே கேள்வியத்தானே அவளும் கேட்டா!"

"யாரு?"

"ஆவுடை. என் வீட்டுக்காரி."

விஷயம் அதற்கப்புறம்தான் வெளியே வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை ஆவுடை வழக்கம்போலக் கேட்டிருக்கிறார், மத்தியானத்துக்கு என்ன வைக்கட்டும் என்று. இவரும் வழக்கம்போலச் சொல்லியிருக்கிறார், ஏதாவது வை என்று. அந்த அம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"முப்பத்தாறு வருஷமா ஏதாவது வை, ஏதாவது வைன்னு சொல்லுதீங்க. எதை வச்சாலும் நல்லா இருக்குங்கீங்க. கருகுனாலும் நல்லா இருக்கு, உப்பில்லாட்டாலும் நல்லா இருக்கு. நான் யாருக்குச் சமைக்கேன்? எதிர்ல ஒரு ஆள் உக்காந்திருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியலை அத்தான். உங்களுக்கு என்னதான் வேணும்? உங்களுக்காவது தெரியுமா?"

இவர் யோசித்திருக்கிறார். நல்ல மனுஷன், பொய் சொல்ல வரவில்லை.

"தெரியலையே" என்றார்.

ஆவுடை தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். வியாழக்கிழமை சாயங்காலம் தங்கையோடு கோயம்புத்தூருக்கு ரயில். அங்கே தங்கை மகள் பிள்ளை பெற்றிருக்கிறாள். ஒத்தாசைக்கு என்று பெயர். ஆனால் பீரோவிலிருந்த சேலை முழுவதையும் எடுத்துக்கொண்டு யாராவது ஒத்தாசைக்குப் போவார்களா?

"போனா வரமாட்டா தாயி. எனக்குத் தெரியும். அவ முகத்தைப் பார்த்தேன்" என்றார் குற்றாலிங்கம். "அவ இல்லாம எனக்கு முடியாது."

"இன்னைக்குச் செவ்வாய்" என்றார் உலகம்மை. "அந்தா தெரியுது ஆக்குப்பெரை. சாமான் எல்லாம் கிடக்கு. உங்களுக்குப் பிடிச்சதை ஆக்கிக் கொண்டாங்க. எனக்கு இல்ல. உங்களுக்கு."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

குற்றாலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். பாதிக் கவலை போய்விட்டது. சமையல்தானே!

*

ஆக்குப்பெரை என்பது சமையல் கொட்டகை. அங்கே பூதத்தான் இருந்தார். மடத்துக்குச் சமைக்கிற பொறுப்பு அவருடையது. சமைப்பதில் அவருக்கு இஷ்டம் இல்லை, சாப்பிடுவதில்தான் இஷ்டம். வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் அடுப்பை விட்டு மூன்றடி தள்ளி நின்று கும்பிட்டார்.

"அண்ணாச்சி, இந்த மடத்துக்கு இன்னைக்குத்தான் விடிஞ்சிருக்கு."

"முதல்ல சாமானைக் காட்டும். பேச்சு அப்புறம்."

புதன்கிழமை மத்தியானம் இலை வந்தது. மிளகு ரசம், சுட்ட அப்பளம், பருப்புத் துவையல், சூடான சோறு. அவ்வளவுதான். கல்யாண ஆடம்பரம் எதுவும் இல்லை.

உலகம்மை இலையைப் பார்த்தார். ஒரு வாய் எடுத்தார். கண்ணை மூடினார். அப்புறம் அவர் பேசவே இல்லை. ரசத்தைக் கையில் வாங்கி வாங்கிக் குடித்தார். துவையல் இருந்த இடத்தை விரலால் வழித்தார்.

குற்றாலிங்கம் சுவரில் சாய்ந்துகொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"அண்ணாச்சி, எனக்கு உலகத்துலயே பிடிச்ச சாப்பாடு இதுதான். எப்படித் தெரிஞ்சது?"

"நேத்து நீங்க பேசுறப்ப ரெண்டு தடவை தொண்டையைச் செருமினீங்க. ராத்திரி பூதத்தான் புளிக்குழம்புன்னு சொன்னதுக்கு உங்க மூஞ்சி சுருங்கிச்சு. மிளகுன்னு நான் சொன்னேன், கண்ணு விரிஞ்சிது. நாற்பது வருஷ சர்வீஸ் தாயி. தப்பாது."

"தப்பலை" என்றார் உலகம்மை. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "என் சாப்பாட்டை நான் சாப்பிட்டாச்சு. உங்க சாப்பாடு எங்க?"

குற்றாலிங்கம் காலி இலையைப் பார்த்தார்.

பூதத்தான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். குற்றாலிங்கம் திரும்பி ஒரு முறை முறைத்த பிறகுதான் நிறுத்தினார்.

*

அன்று முழுக்கக் குற்றாலிங்கத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு பந்தியில்கூடத் தோற்காதவர் அவர். தோப்புக்குள் நடந்தார். கிணற்றைச் சுற்றி வந்தார். ஆவுடை இந்நேரம் பெட்டியில் எதை அடுக்கிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தார், மறுபடி கிணற்றைச் சுற்றினார். சாயங்காலம் அவர் முகம் தெளிந்தது. அட, இதற்குப் போய் இவ்வளவு யோசித்தோமே!

"சொதி" என்றார் பூதத்தானிடம். "எனக்குப் பிடிச்சது சொதிதான் வே. இல்லாட்டா நாற்பது வருஷம் வச்சிருப்பேனா?"

"அதானே!" என்றார் பூதத்தான். தேங்காய் துருவ அவரே உட்கார்ந்தார். அந்த மடத்தில் யாரும் அதற்கு முன்பு பார்க்காத காட்சி அது.

முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று பிழிந்து தனித்தனியாக வைத்தார் குற்றாலிங்கம். மூன்றாம் பாலில் காய் வெந்தது. இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்து, இரண்டாம் பாலோடு ஊற்றினார். முதல் பாலை ஊற்றி, கொதி வருவதற்கு ஒரு நொடி முன்னால் இறக்கினார். எலுமிச்சம்பழம் பிழிந்தார். கரண்டியை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு ஒரு சிட்டிகை உப்புப் போட்டார். மறுபடி மோந்தார். சரி.

உலகம்மை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு எப்படிப் பாக்கீங்க?"

"மூக்குலதான். வாயில வைக்கக்கூடாது. பிள்ளையாருக்குப் படைக்காம நாக்குல பட்டா எச்சில் ஆயிரும். எங்க தொழில்ல அப்படி."

"படைச்ச பிறகு?"

"படைச்ச பிறகு பந்தி. பரிமாறணும்ல?"

"பந்திக்குப் பிறகு?"

"நாங்க கடைசி. இருந்ததைச் சாப்பிடுவோம்."

பிள்ளையாருக்கு வைத்தாயிற்று. உலகம்மை ஒரு இலையைக் காட்டினார்.

"உக்காருங்க அண்ணாச்சி. சாப்பிடுங்க."

"அய்யய்யோ! ஆக்குனவன் முதல்ல உக்காரதா? கை கூசும் தாயி. நீங்க எல்லாரும் ஆகட்டும்."

"சரி, உங்க வழக்கப்படியே ஆகட்டும்" என்றார் உலகம்மை.

பூதத்தானை உட்காரவைத்தார்கள். அன்று மடத்துக்கு வந்திருந்த நாலைந்து பேரையும் உட்காரவைத்தார்கள். குற்றாலிங்கத்துக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. வாளியைத் தூக்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்! இஞ்சித் துவையலைத் தொட்டுக்கிடுங்க, அப்பதான் செமிக்கும்!" என்று வரிசையில் போனார், வந்தார். பூதத்தான் ஆறு தடவை வாங்கினார். ஏழாவது தடவை வாங்கும்போது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அது சுவையினாலா, வயிறு முட்டியதனாலா என்பது பூதத்தானுக்கே தெரியாது.

"அண்ணாச்சி, இது குழம்பு இல்ல. வரம்."

எல்லோரும் எழுந்து போன பிறகு குற்றாலிங்கம் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். வழித்த கரண்டியின் கோடு மட்டும் இருந்தது.

மோர் இருந்தது. சோற்றில் ஊற்றிப் பிசைந்து, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார். அதுதான் அவருடைய நாற்பது வருஷச் சாப்பாடு.

உலகம்மை எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"சொதி எப்படி இருந்தது?"

"பிரமாதம்னு எல்லாரும்..."

"எப்படி இருக்கும், அது? சாப்பிட்டா?"

குற்றாலிங்கம் கையிலிருந்த கவளத்தைத் திரும்ப இலையில் வைத்தார்.

"நல்லா இருக்கும்னு சொல்லுவாங்க" என்றார் மெல்ல.

அப்படிச் சொன்ன பிறகு அவரால் சாப்பிட முடியவில்லை. நாற்பது வருஷம். எத்தனை ஆயிரம் இலை. சூடு ஆறாத சொதியில் ஒரு கை அவர் வாய்க்குப் போனதில்லை. மிஞ்சியபோது ஆக்கின வாசத்திலேயே வயிறு ரொம்பிப்போய்விடும், வேண்டாம் என்று தோன்றும். மிஞ்சாதபோது பெருமையாக இருக்கும். ஊருக்கே தெரிந்த ருசி அவருக்கு மட்டும் தெரியாது.

அறுபத்தொரு வயதில் அவருக்கு அழுகை வந்தது. மறைக்காமல் அழுதார்.

உலகம்மை ஒரு செம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்தார்.

"நாளைக்குக் காலைல மறுபடி வையுங்க" என்றார். "ஒரு ஆளுக்கு."

*

ஒரு ஆளுக்கு!

வியாழக்கிழமை காலை குற்றாலிங்கம் அடுப்பு முன்னால் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வே பூதத்தான், ஆயிரம் பேருக்கு எத்தனை தேங்காய்னு கேளும், தூங்கும்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு? அரை மூடியா? ஒரு மூடியா?"

"எனக்குன்னா மூணு தேங்காய்."

"உமக்கு யாரு வே கேட்டா?"

"பின்ன யாருக்கு?"

"எனக்கு!" என்று கத்தினார் குற்றாலிங்கம். கத்திய சத்தத்தில் அவரே கொஞ்சம் திடுக்கிட்டுப்போனார்.

பருப்பை உள்ளங்கையில் எடுத்தார். கூட என்று தோன்றியது, பாதியைக் கொட்டினார். குறைச்சல் என்று தோன்றியது, மறுபடி எடுத்தார். முருங்கைக்காய் எத்தனை துண்டு? மிளகாய் எத்தனை? ஒவ்வொன்றுக்கும் கை நின்றது. கல்யாண வீட்டில் கேட்க வேண்டியதில்லை, ஆளைப் பார்த்தால் போதும். இங்கே பார்க்க ஆள் இல்லை. பூதத்தானின் முகத்தைப் பார்த்தார். பூதத்தான் மிளகாயைப் பார்த்து ஸ்ஸ் என்று உறிஞ்சினார். காரம் குறைக்கச் சொல்கிறார் என்று குற்றாலிங்கத்துக்கு உடனே புரிந்தது, மிளகாயில் ஒன்றை எடுத்துத் தள்ளியும் வைத்துவிட்டார்.

"பூதத்தான்" என்றார் உலகம்மை வாசலிலிருந்து. "வெளிய வாரும்."

"தாயி, உதவிக்கு..."

"வாரும்."

பூதத்தான் போனார். கதவு சாத்தப்பட்டது. உலகம்மை மட்டும் உள்ளே வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

தள்ளி வைத்த மிளகாயைக் குற்றாலிங்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். எடுத்துத் திரும்பப் போட்டார். இன்னொன்றும் கூடப் போட்டார்.

சொதி இறங்கியது. பிள்ளையாருக்கு ஒரு கிண்ணம் வைத்துக் கும்பிட்டார். பிறகு ஒரு இலையைப் போட்டார். தானே தண்ணீர் தெளித்து, தானே சோறு வைத்து, தானே ஊற்றினார். ஆவி பறந்தது. உட்கார்ந்தார். கை கூசியது.

"சாப்பிடுங்க" என்றது முதுகு.

ஒரு வாய் வைத்தார்.

மென்றார். விழுங்கினார்.

இரண்டாவது வாய் வைத்தார். நெற்றி சுருங்கியது. ஏதோ தப்பு. உப்பா? உப்புச் சரி. பால் திரிந்ததா? திரியவில்லை. காய் பதம். எலுமிச்சை அளவு. எங்கேயும் ஒரு குறை கிடையாது. அவர் கைக்குத் தப்பு வராது.

மூன்றாவது வாயில் விஷயம் புரிந்தது. பயமாக இருந்தது.

"தாயி" என்றார் கிசுகிசுப்பாக.

"சொல்லுங்க."

"வெளிய யாருக்கும் கேக்கக்கூடாது."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"எனக்கு... சொதி பிடிக்கலை."

உலகம்மை திரும்பவில்லை. "என்ன?"

"பிடிக்கலை! இனிப்பாக் கிடக்கு. இத்தனை மிளகா போட்டும் பாலு ருசிதான் நிக்கி. வழவழன்னு தொண்டைல இறங்குது. காய்ச்சல்காரன் கஞ்சி மாதிரி! இதையா சனங்க அடிச்சுப்பிடிச்சுத் தின்னாங்க?" சத்தம் ஏறிக்கொண்டே போனது. "எனக்குச் சொதி பிடிக்காது! பிடிக்காது தாயி! குற்றாலிங்கத்துக்குச் சொதி பிடிக்காது!"

கதவு படாரென்று திறந்தது. பூதத்தான் நின்றார்.

"அண்ணாச்சி, என்ன பேச்சுப் பேசுதீங்க! கன்னத்துல போட்டுக்கிடுங்க!"

குற்றாலிங்கத்துக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சாய்ந்து, புரையேறி, தலையில் தட்டிக்கொண்டு சிரித்தார். உலகம்மையும் சிரித்தார். பூதத்தான் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மிச்ச சொதிக்கு ஒரு வழி பண்ண உட்கார்ந்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் குற்றாலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப எனக்குப் பிடிச்சது என்ன தாயி?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியலையே. பிடிக்காதது ஒண்ணுதான் தெரிஞ்சிருக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு அவளுக்கு ரயில். என்ன வேணும்னு கேட்டவகிட்டப் போயி இன்னது வேண்டாம்னு சொல்லவா? அதுவும் ஒரே ஒரு சாமான்! இன்னும் நாலு நாள் இங்க இருந்து, முழுசாத் தெரிஞ்சுக்கிட்டுப் போனா என்ன?"

உலகம்மை எழுந்து வெளியே போனார். குற்றாலிங்கத்தின் செருப்பைத் தேடி எடுத்தார். வாசலைப் பார்த்துத் திருப்பி, ஜோடியாகப் போட்டார்.

குற்றாலிங்கம் பதறிப்போய் ஓடிவந்தார்.

"தாயி, நீங்க போயி செருப்பைத் தொட்டுக்கிட்டு..."

"பதினொன்றரைக்கு ஒரு பஸ் இருக்கு" என்றார் உலகம்மை.

*

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாதி வழியில்தான் அவருக்கு உறைத்தது. காலையில் வந்த சிரிப்பு இன்னும் போகவில்லை. இலை எடுத்தாயிற்று. பாத்திரம் கழுவியாயிற்று. நல்லா இருக்கு என்று ஒருத்தரும் சொல்லவில்லை, சொல்லப்போனால் அவர் வைத்ததை அவரே காறித் துப்பாத குறை. ஆனாலும் உள்ளே அது பாட்டுக்கு இருந்தது. பக்கத்தில் இருந்தவர் என்ன விஷயம் என்பதுபோல் பார்த்தார். "ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார்.

வழியில் பஸ் நின்ற இடத்தில் நெல்லிக்காய் வாங்கினார். கடித்தார். யோசித்தார். பிடித்திருந்தது. அடுத்து ஒரு கடலை மிட்டாய். அது வேண்டாம், பக்கத்து ஆளிடமே கொடுத்துவிட்டார். இப்படியே பஸ் நிற்கிற இடமெல்லாம் எதையாவது வாங்கிக் கடித்துக்கொண்டு போய், பஸ் மாறி, தங்கை வீட்டு வாசலை அடைந்தபோது மணி நாலரை.

பெட்டி இரண்டும் நடையில் இருந்தன. கயிறு கட்டியாகிவிட்டது.

ஆவுடை அடுக்களையில் ரயிலுக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் கை ஒரு நொடி நின்றது. அப்புறம் கட்டுகிற வேலையைத் தொடர்ந்தார்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"என்ன வேணும்னு கேக்கமாட்டேன். இருக்கதைப் போடுதேன், உக்காருங்க."

"ஆவுடை."

"என்ன?"

குற்றாலிங்கம் அடுக்களை வாசலிலேயே நின்றார். ஊரிலேயே பெரிய சமையல்காரர். அந்தப் பெருமையில்தான் முப்பத்தாறு வருஷம் இவளை வைத்துக் குடும்பம் நடத்தினார்.

"எனக்குச் சொதி பிடிக்காது."

வாழைநார் ஆவுடையின் கையில் பாதி முடிச்சோடு நின்றது.

"எந்தச் சொதி?"

"நான் வைக்கிற சொதி. இன்னைக்குக் காலைலதான் சாப்பிட்டுப் பார்த்தேன். பிடிக்கலை. எனக்கு என்ன வேணும்னு முழுசாத் தெரியலை ஆவுடை. இவ்வளவுதான் தெரிஞ்சிது. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

ஆவுடை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுக்களைத் தரையில் மெல்ல உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் குற்றாலிங்கம் பக்கத்தில் போனார்.

அழவில்லை.

"எனக்கும்தான்" என்றார் ஆவுடை.

"என்னது?"

"எனக்கும் பிடிக்காது. ஒவ்வொரு மறுவீடு முடிஞ்சதும் எனக்குன்னு ஒரு வாளி எடுத்து வச்சுக் கொண்டாருவீங்க. உங்களுக்கு மிஞ்சுதோ இல்லையோ, எனக்குக் கொண்டாந்துருவீங்க. முப்பத்தாறு வருஷம் அத்தான்! மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சேன்."

"ஏளா, ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல!"

"வாளியத் தூக்கிக்கிட்டு நடை ஏறி வரும்போது உங்க மூஞ்சியப் பாத்தீங்களா? எப்படிச் சொல்ல?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. நடையிலிருந்த தங்கை பயந்துபோய் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, ஆட்டோ வந்துட்டு."

ஆவுடை காதில் வாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கத்தரிக்காய்?" என்று கேட்டார்.

குற்றாலிங்கத்தின் கண் பழக்கத்தில் ஆவுடையின் முகத்துக்குப் போனது. வழியிலேயே அதைத் திருப்பினார். கூரையைப் பார்த்தார். யோசித்தார்.

"பிடிக்கும்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். எண்ணெய்ல வதக்கினா ரொம்பப் பிடிக்கும்."

"எனக்கு ஆகாது. நாக்கு அரிக்கும்."

"உனக்கு ஆகாட்டா நீ தின்னாத. எனக்கு வேணும்."

ஆவுடையின் முகம் மலர்ந்துபோனது.

"அக்கா! நேரமாச்சு! பெட்டி ரெண்டையும் ஏத்தியாச்சு!"

"நீ கிளம்பு தங்கச்சி" என்றார் ஆவுடை. "என் பெட்டிய மட்டும் இறக்கி வச்சுட்டுப் போ."